வில்லங்கம்

குன்னூருக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் நாள்
பதிவு அலுவலகத்தில் பக்கத்து இருக்கையிடம் கேட்டேன்:
இங்கே வில் பழக இடம் இருக்கிறதா?
வில்லங்கமா, முப்பது வருஷத்துக்கா என்று
பழக்கதோஷத்தில் படிவத்தை நீட்டினார் ஹாலன்.

ஊட்டி மைதானத்துக் காவலாளி
கால்பந்தா ஓட்டமா என்று இரண்டு விரல் காட்டினார்.
மூன்றாவது விரல் அவரிடம் இல்லை.
வெலிங்டனில் வாசலோடு சரி.
கோத்தகிரிக் கடையில்
ரப்பர் மூக்கு வைத்த பிளாஸ்டிக் அம்பு,
செட் நூற்றிருபது.

வாடகை வீட்டில் பீரோவுக்குப் பின்னால்
நாண் கழற்றிய வில்.
நாகப்பட்டினத்தில் உப்புக்காற்று அதன் திருகாணிகளைத் தின்றது;
இங்கே பூஞ்சணம் உறையைத் தின்கிறது.
இரவில் எழுந்து வெறுங்கையால் காற்றை இழுத்துப் பார்ப்பேன்,
தோளெலும்பு தன் இடத்தை மறந்துவிடக் கூடாதே.

பிறகு ஒரு வியாழக்கிழமை
கட்டபெட்டு வளைவில், பேருந்துக்கு முன்னால் ஒரு பிக்கப்.
அடுக்கியிருந்த தேயிலைச் சாக்குகளில்
ஒன்றில் மட்டும் ஓட்டைகள்.
எலி இப்படிக் கடிக்காது.
நடுவில் நெருக்கம், விளிம்புக்குப் போகப் போகத்
தயக்கம்.
யாரோ இடப்பக்கமாகவே தவறுகிறார்கள்.
வண்டி எண்ணைப் பயணச்சீட்டின் முதுகில் எழுதினேன்.

மூடிக்கிடந்த தொழிற்சாலை.
மழையென்றால் இலை வாட்டும் மாடியில்,
வெயிலென்றால் பின்புறத்துக் கேரட் மேட்டில்.
மொத்தம் நான்கு பேர்:
பிக்கப் வைத்திருக்கும் பெள்ளி,
பல் மருத்துவர் எஸ்தர் சுகிர்தா,
மின்வாரியத்து மணிவாசகம்,
பத்தாம் வகுப்பு ஜெனிலா.
இடப்பக்கம் யார் என்றேன்.
மருத்துவர் கையுறையைக் கழற்றாமல் கை தூக்கினார்.

முதல் ஞாயிறு. முப்பது மீட்டர் அளந்து நின்றோம்.
பத்தாவது மீட்டரோடு உலகம் முடிந்திருந்தது.
ஜெனிலா பிளாஸ்கைத் திறந்தாள், மூடினாள்.
பனி கொஞ்சம் விலகியதும்
சாக்குக்கு முன்னால் ஒரு காட்டெருமை,
தழையை மென்றபடி,
எங்களைக் கேள்வி கேட்காத ஒரே ஆள்.
அம்புகளை ஓசையில்லாமல் கூட்டுக்குள் திருப்பினோம்.
அது போக ஒன்றரை மணி நேரம்.
அதற்குள் மறுபடி பனி.

ஓர் அம்பும் விடாத அந்த நாளுக்கு
பெள்ளி சந்தா வாங்கிக்கொண்டார், இருநூறு.
ரசீது எண் ஐந்து.
விரல் விறைத்து என் கையெழுத்து
வேறொருத்தியுடையதாக இருந்தது.

திங்கள் காலை
பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டார் ஹாலன்:
கிடைத்ததா வில்லங்கம்?
கிடைத்தது என்றேன்,
முப்பது மீட்டருக்கு.