பதினேழாவது கூடை

ஆயிரத்து அறுநூறு வேகம்.
சாதா ரோல் மூன்று வாங்கும் காசு.
வெக்கை பட்டால் தானாகவே கெட்டுப்போகும் என்று
மூக்கையூர் ஐஸ் கம்பெனி ஆபீஸ் பிரிட்ஜில்
மோர்ப் பாட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.
யாரோ மாத்திரை டப்பா என்று நினைத்து
மூடியைத் திறந்து முகர்ந்து
திரும்ப வைத்திருக்கிறார்கள்.

சங்கத்துக் காலண்டருக்கு
ஒரு சூரிய உதயம் போதும் என்றார்கள்.
நான் அதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே
வந்துவிட்டேன்.

ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது, அதுவும் சொல்லிவிட்டார்கள்.
வள்ளத்திலிருந்து பலகையில் கால் வைக்கிறவன் கண்ணில்
வெள்ளை பாய்ந்தால்
அடுத்த அடி தண்ணீரில்.
நியாயம்தான்.

வெளிச்சம் என்று இருந்தது
ஜெனரேட்டரோடு சேர்ந்து நடுங்கும் ஒரு குழல் விளக்கு,
வியாபாரி தவசுமணியின் கணக்குப்பிள்ளை மடியில்
ஒரு டார்ச்,
கரையோரம் யாரோ இழுத்த பீடி.
மீட்டர் முள் எழுந்திருக்கவே இல்லை.
கேமராவிடம் பொய் சொன்னேன்:
உள்ளே இருப்பது வெறும் எண்ணூறுதான்.
நிழலுக்கு ஒரு வாய் கூடுதலாக ஊட்டினால்தான்
கறுப்பு கறுப்பாக வரும்.
இல்லையென்றால் கஞ்சித்தண்ணி.

முப்பதில் ஒரு நொடி.
என் மூச்சை நான் பிடித்துக்கொள்ளலாம்.
வள்ளத்தின் மூச்சை?
ஏழெட்டுப் படம் வீணான பிறகு தெரிந்தது,
அலை தூக்குகிறது, இறக்குகிறது,
நடுவில்
இரண்டுமில்லாத ஒரு இமை நேரம்
வள்ளம் சும்மா நிற்கிறது.
அதற்காகக் காத்திருந்து அமுக்கினேன்.
அந்த இமைக்குள் இன்னாசியம்மா
ஒரு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ராம்நாடு லேபில் ஜஹாங்கீர் உதட்டைப் பிதுக்கினான்.
"மணல் கொட்டின மாதிரி இருக்கு. ரோல் அவுட்."
அவனுடைய மிஷின் இருட்டைப் பார்த்துப் பயந்து
எல்லாவற்றையும் சாம்பலாக்கி வைத்திருந்தது,
ராத்திரி என்பதே ஒரு பிழைபோல.
இன்னும் கறுப்பாகப் போடு என்றேன்.
காசு போகுது என்றான்.
போடு.
நாலாவது பிரிண்டில்
இரவு வந்து உட்கார்ந்தது.
குழல் விளக்கு பாசி நிறம்.
அவள் கழுத்தில் ஒரு பக்கம் பச்சை,
மறுபக்கம் டார்ச் மஞ்சள்.

கையில் கொடுத்தபோது அவள்
தன் முகத்தைப் பார்க்கவில்லை.
விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள்.
பதினேழு.
அன்றைக்குக் கணக்குப்பிள்ளை எழுதினது பதினாறு.

தவசுமணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
மூக்கு உரசப் பார்த்தார்.
"இது கூடையா? புள்ளி.
ஃபிலிம் அழுக்கு."

பெரிதாக்கினால் தெரியும் என்று
பத்துக்குப் பன்னிரண்டு போட்டேன்.
தப்புக் கணக்கு.
பெரிதாக ஆகக் கூடை கலைந்து
சிவப்பும் நீலமுமாய் நொய்யரிசி.
அது அங்கே இருந்ததற்கு நானே சாட்சி.
ஆனால் நானும் அப்போது
ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னாசியம்மா படத்தைப் பிடுங்கி
ஏலக் கொட்டகைத் தூணில் சாய்த்தாள்.
"ஏவாரி, பின்னால போ.
இன்னும் போ.
உப்புத் தொட்டிகிட்டப் போயி நில்லு."
பத்தடி தள்ளிப் போனதும்
நொய்யெல்லாம் ஒன்றுகூடி
விளிம்பு, பின்னல், ஈரம்,
ஒரு சாளையின் வால்கூட.
அவர் வாயைத் திறக்கவில்லை.
ஒரு அடி முன்னால் வந்தார்,
கூடை போயிற்று.
ஒரு அடி பின்னால் வைத்தார்,
வந்தது.

அரைக் கூடைக்குக் காசு கொடுத்தார்.
மிச்சம் அரை? என்றாள்.
"வெயில்ல ஒரு படம் எடுத்துட்டு வரச் சொல்லு."

வெயில்ல எந்த வள்ளம் இறக்குது என்று
முனகிக்கொண்டே நோட்டுகளை எண்ணினாள்,
ஒரு தரம் கிட்ட வைத்து,
ஒரு தரம் கையை நீட்டி.

காலண்டரில்
வேறு யாரோ எடுத்த சூரியன்.