பி கம்பெனியின் பற்று வரவு

கர்னல் ஆபீசிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
படையணியின் வரலாறு, இரண்டு பக்கத்துக்கு மிகாமல்.
போர்கள். விருதுகள். சேதம்.
எழுதத் தெரிந்தவன் நான்தானாம்:
ஞாயிறு ஸ்டோர் ஹவில்தார், மற்ற ஆறு நாளும்
காரைக்குடி பாத்திரக் கடையில் கணக்கு.

பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன்.
ராணுவத் தாளில் அது இருக்கலாமா, தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டாளம் என்பார்கள் எங்களை.
புதுவயல் அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கும் சந்தியாகு,
கல்லல் சந்தையில் தராசு பிடிக்கிறவர்கள்,
வாடகை சைக்கிள் வகாப்,
எல்லோரும் கஞ்சி போட்ட காக்கியில்
செம்மண் பொட்டலில் இடம் வலம் திரும்பினோம்.
முதல் வருஷம் துப்பாக்கி வரவில்லை,
சவுக்குக் கட்டையைத் தோளில் வைத்து அணிவகுப்பு.
பூட்ஸ் வந்தது. அத்தனையும் ஒன்பதாம் நம்பர்.
வயித்திலிங்கச் சேர்வைக்குக் கால் ஆறு.
பஞ்சடைத்துக்கொண்டு பதினாலு வருஷம் நடந்தார்.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

சீனச் சண்டைக்குக் கூப்பிட்டார்கள்.
பெட்டி கட்டி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள்
சண்டை முடிந்தது.
அறுபத்தைந்தில் ஒரு கிடங்குக்குக் காவல்.
உள்ளே என்ன இருந்ததென்று கடைசிவரை சொல்லவில்லை.

எழுபத்தொன்று, கார்த்திகை.
தேவகோட்டை ரஸ்தா தாண்டி ஒரு ரயில் பாலம்
எங்கள் பொறுப்பு.
ஆற்றில் செந்தண்ணீர். தூறல்.
விளக்கெல்லாம் அணைக்கச் சொல்லி உத்தரவு.
ஐம்பது தோட்டா எண்ணிக் கொடுத்தேன் சந்தியாகுவிடம்,
கையெழுத்து வாங்கிக்கொண்டு.

இரண்டு மணிக்குத் தண்டவாளத்தில் ஒன்று வந்தது.
தலை இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில்
பெரிதாக, உருண்டையாக, மினுமினுவென்று ஏதோ.
முகாமில் சொல்லிக்கொடுத்த இந்தியில் கத்தினான்:
தம்! கோன் ஆதா ஹை?
அது நிற்கவில்லை.
இன்னொரு தரம் கத்தினான்.
பிறகு சுட்டான்.

கோயில் மணி அடித்தமாதிரி இருந்ததாம்.

கல்யாணத்துக்குச் சமைத்துவிட்டு
கோட்டையூரிலிருந்து திரும்பிய மேஸ்திரி வெள்ளைக்கண்ணு.
ஆற்றில் இறங்க முடியாமல் பாலத்தில் ஏறியவர்,
நனையாமலிருக்க அண்டாவைத் தலையில் கவிழ்த்திருந்தார்.
அண்டாவுக்குள் தமிழே கேட்காது. இந்தி எங்கே கேட்கும்?

உள்ளே வந்த ஓட்டை ஒன்று,
வெளியே போன ஓட்டை ஒன்று.
வரவும் செலவும் சரி.
நடுவே, நாலு விரற்கடை கீழே,
அவருடைய உச்சந்தலை.

சண்டை பதினாலு நாள்.
ஐம்பதில் ஒன்று குறைந்த விசாரணை
தை கடந்து மாசி வரை நடந்தது.
மேஜர் கேட்டார், சந்தியாகு நின்றான்,
நான் ஏட்டைப் புரட்டினேன்.
வெள்ளைக்கண்ணு அண்டாவோடு வந்தார்.
நஷ்ட ஈடு என்ன வேண்டும்?
ஓட்டையை அடைச்சுக் குடுங்க, வளர்பிறையில
ரெண்டு முகூர்த்தம் இருக்கு என்றார்.

கம்பெனியில் தலைக்குப் பத்துப் பைசா எடுத்தோம்.
ஈயம் துளைத்ததை ஈயம் அடைத்தது.
பற்றவைத்த கூலி ஏழரை ரூபாய்,
பற்றில் எழுதினேன், இன்னும் இருக்கிறது.
இந்தப் படையணி நடத்திய ஒரே போரின் மொத்தச் செலவு.

விசாரணை முடிந்து வெளியே வந்தபிறகுதான்
வகாப் கவனித்தான்.
வலப்பக்கம் நின்று பேசினால்
மேஸ்திரி திரும்புவதில்லை.
அந்த மணி அந்தக் காதில் தங்கிவிட்டது.
அவர் அதைச் சொல்லவில்லை,
யாரும் கேட்டு எழுதவுமில்லை.

போன வாரம் புதுவயலுக்குப் போய்
சந்தியாகுவிடம் கேட்டேன், எழுதட்டுமா?
பாய்லர் இரைச்சலில் கொஞ்ச நேரம் நின்றான்.
எழுது. ஆனா இருட்டுன்னு எழுது.

இருட்டு என்று எழுதியிருக்கிறேன்.
தூறல் என்றும், அந்த அண்டாவில் பிறகு
எத்தனையோ பந்திக்குச் சாம்பார் கொதித்தது,
ஒழுகவில்லை என்றும்.
போர்கள்: ஒன்று. விருதுகள்: இல்லை.

சேதம் என்ற கட்டம் சிறியது.
ஒரு காது கொள்ளும்.