அரைக்கட்டை கீழே

ஆடுதொட்டிக்கு எதிரே நாலு மணிக்குக்
குடல் அலசுகிறேன்.
ஒரு காதில் மட்டும் இயர்போன்;
மறுகாது விலை கேட்பவர்களுக்கு.

"கம்பியில்ல, ஆட்டுக் குடலு" என்றான் கிளேட்டன்,
இந்தப் பதிவைப் போனில் ஏற்றிக் கொடுத்தபோது.
"அந்தக் காலத்துல வாசிச்ச மாதிரியே.
அரைக்கட்டை கீழ."

எத்தனை தண்ணீர் மாற்றினாலும் போகாத ஒன்று
அந்த செல்லோவின் அடித்தொண்டையில்.
வில் திரும்புமிடத்தில் கரகரக்கிறது,
உப்பும் மஞ்சளும் போட்டு உரசிய
என் உள்ளங்கைபோல.

துண்டு முடிகிறது.
வாசிப்பவள் நரம்பை முறுக்குகிறாள்,
மூக்கால் மூச்சிழுக்கிறாள்.
அதை வெட்டாமல் விட்டவனுக்குப் புண்ணியம்.
ஈரக்காற்றில் சுருதி இறங்குமாம்.
புளியந்தோப்புக்கு வந்து பார்க்கட்டும்.

வாளியிலிருந்து ஒரு முழம் எடுத்து
இரு கைக்கும் நடுவே இழுத்துப்
பெருவிரலால் சுண்டினேன்.

சொத்தென்றது.

"போட்டி கிலோ எவ்ளோக்கா?"