மூக்கடியில் கண்ணாடி

மஞ்சக்குட்டைக்கு மேலே, பாப்பாத்தியின் வீட்டில்
கண்ணாடி வேலை செய்யவில்லை.

உள்ளங்கை அகலக் கண்ணாடி.
மூக்குக்கு அடியில் பிடித்துக்கொண்டு
பா, பா, பா சொல்லச் சொல்ல வேண்டும்.
அண்ணம் மூடியிருந்தால் தெளிவாக இருக்கும்.
காற்று மூக்குவழி கசிந்தால் ஆவி படரும்.
நெறிமுறையின் பதினோராம் பக்கத்தில் இவ்வளவுதான்.
மூடுபனி பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அவள் வாய் திறக்குமுன்பே வெளுத்துவிட்டது.
துப்பட்டாவில் துடைத்தேன். வெளுத்தது.
அவள் அம்மா முந்தானையில் துடைத்தாள்.
வாசலில் நின்ற சில்வர் ஓக்கும்
அதில் ஏறிய மிளகுக் கொடியும் காணோம்.
"மலைக்கே மூக்குல காத்து வருது போல."

மூக்குல. அந்தக் ககரம் சுத்தமாக விழுந்தது.
குறித்துக்கொள்ளக் கட்டம் இல்லை.

அறுபத்தொரு பிள்ளைகள் எங்கள் ஆய்வில்.
ஒன்பது பேரின் எண்கள் உபயோகத்தில் இல்லை.
ஒருவன் அக்காவோடு திருப்பூர் போய்விட்டான்.
கொண்டலாம்பட்டியில் ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை,
வரன் பார்க்கிற நேரம், பழசைக் கிளறாதீங்க
என்று ஜன்னல் சொன்னது.

இவளுக்கு அண்ணம் தைத்தது ஏழு வயதில்.
தாமதம்தான்.
அதுவரை வல்லினம் எதுவும் வல்லினமாக வெளியே வரவில்லை.
ககரம் போய் ஙகரம், பகரம் போய் மகரம்.
அகரவரிசையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்;
நடுச்சுவர் மட்டும்
பிறக்கும்போதே கட்டப்படாமல் இருந்தது.

பிறந்த அன்று உதட்டைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.
பால் மூக்கில் வந்தபிறகே வாய்க்குள் பார்த்தது.
அதற்குள் பெயர் வைத்தாயிற்று,
முதலிலிருந்து கடைசிவரை
அடைத்து அடைத்துத் திறக்கிற பெயர்.
பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் கேட்க
அவளும் சொன்னாள்: மாம்மாந்நி.
அவர் காதில் விழுந்ததை எழுதினார்: மாமணி.
அம்மா அந்நேரம் காப்பிக் களத்தில். திருத்த ஆளில்லை.

எங்கள் கோப்பில் பாப்பாத்தி,
பள்ளியிலும் ஆதாரிலும் மாமணி.
இருவரும் ஒருவர்தானா என்று
நெறிமுறைக் குழு கேட்டு எழுதியிருக்கிறது.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம்.
பதினான்காம் கொண்டை ஊசி: வெளுத்தது.
பத்தில் பாதி.
ஆறாம் வளைவில், சோளக்கதிர் சுடுகிற இடத்தில்
வெயில் இருந்தது.
குரங்கொன்று கண்ணாடிமேல் கண்வைத்து உட்கார்ந்தது.

பா, பா, பா.
அவள் மூக்குத் துவாரங்களும் கொஞ்சம் வானமும் தெரிந்தன.
ஆவி இல்லை.
சா சொன்னபோது மட்டும் நகக்கண் அளவு படர்ந்தது.
அதையும் எழுதினேன்.

பிறகு ஒலிப்பதிவு.
"கப்பல் கடற்கரைக்குத் திரும்பியது."
மூன்று முறை சொல்ல வேண்டிய வாக்கியம்.
கப்பலை அவள் பார்த்ததில்லை. கடலையும்.
கடற்கரையில் ஏதோ தடுக்கியது, மூன்று முறையும்.
நான் கருவியை அணைத்தேன்.
"காலைல காப்பி பறிச்சுக் காயப்போட்டுட்டுத்தான் உங்களுக்குக் காத்திருந்தேன்" என்றாள்.
ஒரு ககரம் சிந்தவில்லை, ஒரு பகரம் கசியவில்லை.
சூரமங்கலத்தில் பெயர் தெரியாமல் மதிப்பெண் போடும் மூவருக்கு
கப்பல்தான் போகும்.

கடைசியாக ஒப்புதல் படிவம்.
"எந்தப் பேரு போடட்டும், மேடம்?"
"பாப்பாத்தின்னே போடு. இப்போ சொல்ல வருதே."
"பாப்பாத்தி," என்று சொல்லிப் பார்த்தாள்,
சாலைக்கு அந்தப் பக்கம் யாரையோ கூப்பிடுகிற மாதிரி.
"அது எனக்கு வச்ச பேரு. இன்னொண்ணு நான் சொன்ன பேரு."
மாமணி என்று எழுதினாள்,
சுழியில் பேனாவை நன்றாக அழுத்தி.

குழுவுக்குப் பதில் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
ஆம், இல்லை என்று
இரண்டே கட்டம் கொடுத்திருக்கிறார்கள்.