மூன்றாவது கணக்கு

கொருக்குப்பேட்டை கேட் போட்டுப் பதினெட்டு நிமிஷம்.
ஒரு கூட்ஸ் போய்விட்டது.
இன்னொன்று வருமாம், அதற்காக
திறக்காமலே வைத்திருக்கிறார்கள்.

ஷேர் ஆட்டோவில் இடது ஓரம்.
மடியில் திருகு தளர்ந்த காம்பஸ்.
அது போடும் வட்டம்
ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பி வராது,
ஒரு நூல் தள்ளி முடியும்.
பரீட்சை முழுக்க அந்த ஒரு நூலைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தேன் போல.

மூன்று மணி நேரம், ஆறு கணக்கு.
மூன்றாவது இப்படி:
ஏபிசி ஒரு குறுங்கோண முக்கோணம்.
குத்துக்கோடுகள் சந்திக்கும் இடம் எச்.
பிசியின் நடுப்புள்ளி எம்.
எம்மிலிருந்து எச் வழியாகப் போகும் கதிர்
சுற்றுவட்டத்தை முட்டும் இடம் கே.
கோணம் ஏகேஎச் செங்கோணம் என நிறுவுக.

நிறுவுக.
என்ன ஓர் அதட்டல்!
வாடகை பாக்கி கேட்டு வருகிறவர்கூட
'கொஞ்சம் பாருங்கம்மா' என்றுதான் ஆரம்பிப்பார்.

எட்டுத் துணைக்கோடு போட்டேன்.
எட்டும் துணைக்கு வரவில்லை.
படம் எங்கள் தெரு மின்கம்பம் மாதிரி ஆனது,
எது யார் வீட்டு ஒயர் என்று
ஈபிகாரருக்கே தெரியாது.

பக்கத்து வரிசையில் பெர்னதெத்
தலை நிமிரவே இல்லை.
அவளுக்கு அழகு கிழகு எல்லாம் கிடையாது.
பிசியை எக்ஸ் அச்சில் படுக்கவைப்பாள்,
ஏயைத் தூக்கி ஒய் அச்சில் நடுவாள்,
மிச்சமெல்லாம் எண்.
அவள் அப்பா காசிமேட்டில் விசைப்படகு டிரைவர்.
மீன் கிடைத்த இடங்களை ஜிபிஎஸ் எண்ணாக
காலண்டர் முதுகில் எழுதி
பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.
'கடல்ல கோடு போட முடியாதுடி,
நம்பர்தான் கூட்டிட்டுப் போவும்' என்பாள்.
மூன்று பக்கம், ஓர் இருபடிச் சமன்பாடு,
நடுவில் தொலைந்த ஒரு மைனஸைத் தேடிப் பிடித்து
முடித்துவிட்டாள்.
பீச் ஸ்டேஷனில் இறங்கும்போது சொன்னாள்,
பஜ்ஜி சாப்பிட்டதைச் சொல்வதுபோல.
எனக்குப் பொறாமை இல்லை என்று
தங்கசாலை வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

இப்போது தண்டவாளம் காலி,
அந்தப் பக்கம் நன்றாகத் தெரிகிறது.
அங்கேயும் ஒரு ஷேர் ஆட்டோ,
அதிலும் இடது ஓரத்தில் ஒருத்தி,
மஞ்சள் துப்பட்டா, மடியில் பை.
ஆனால் அவள் எனக்கு நேர் எதிரே இல்லை.
நேர் எதிரே வெறும் ரோடு, ஒரு நாய்.
கண்ணாடி என்றால்
நாய் இருக்கும் இடத்தில் அவள் இருக்கவேண்டும்.

இது கண்ணாடி இல்லை, சுழற்சி.
தண்டவாளத்து நடுவில் ஓர் ஆணி அடித்து
ரோட்டையே அரைச்சுற்று சுற்றினால்
அவள் இடத்தில் நான், என் இடத்தில் அவள்.

ஆணிதான் எம்.

எச்சை எம் தாண்டி அதே தூரம் தள்ளு,
விழும் இடம் ஜி.
பி, எச், சி, ஜி ஓர் இணைகரம்.
சிஎச் ஏபிக்குச் செங்குத்து, அதனால் ஜிபியும்.
பிஎச் ஏசிக்குச் செங்குத்து, அதனால் ஜிசியும்.
அப்படியென்றால் ஏஜி விட்டம்!
காலையிலிருந்தே ஜி
வட்டத்தின் மேல், ஏயின் மறுமுனையில்
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.
கேயிலிருந்து பார்த்தால் விட்டம்
வேறு எந்தக் கோணத்தில் தெரியும்?

ரெக்சின் சீட்டுப் புழுதியில் விரலால் போட்டேன்.
பக்கத்து அம்மா கூடையை நகர்த்திக்கொண்டார்.
மார்க் கிடையாது.
விடைத்தாளை நாலு மணிக்கே வாங்கிவிட்டார்கள்.

பெர்னதெத்துக்கு போன் போட்டுச் சொன்னேன்.
பதில் இல்லை,
பின்னால் யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம்.
அப்புறம்: 'ஏபியும் ஏசியும் சமமா இருந்தா?'

இருந்தால்
ஏ, எச், எம் ஒரே கோட்டில்.
கே போய் ஏ மேலேயே உட்காரும்.
இடைவெளி இல்லை, கோணம் இல்லை,
நிறுவ ஒன்றுமே இல்லை.
'சமமில்லைன்னு கேள்வியிலயே இருந்துச்சே,
கடைசி வரியில' என்றேன்.
'நான் பாக்கலடி' என்றாள்.
கேட்கும்வரை
எனக்கும் ஞாபகம் இல்லை.

இரண்டாவது கூட்ஸ் வரவே இல்லை.
கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.
எல்லா பைக்கும் எல்லாப் பக்கமும்,
நாய் எங்கே போனது தெரியவில்லை.
எங்கள் ஆட்டோவும் மஞ்சள் துப்பட்டா ஆட்டோவும்
ஆணி அடித்த இடத்திலேயே
மூக்கோடு மூக்கு.
யாரும் பின்னால் எடுப்பதாக இல்லை.