புள்ளடி

பள்ளிக்கூடத்தில எண்ணி முடிய
இரவு எட்டரை.
அவை வெண்டிட்டினம்.
நாற்பத்தொரு வாக்கால.

சந்தியில வெடி கொளுத்தினாங்கள்.
எங்கட நாய் அலுமாரிக்குப் பின்னால போனது,
விடிஞ்சும் வரேல்லை.
நானும் ஒரு கணம்
குசினி நிலத்தில குந்தியிட்டன்.
பிறகு எழும்பி
ஒருத்தரும் காணேல்லை எண்டு பார்த்து
சட்டையைத் தட்டிக்கொண்டு
சோற்றை இறக்கினன்.

அந்த நாற்பத்தொண்டில ஒண்டு என்ர.
இதை இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

ஒரு மாதமாய் மல்லாவிச் சந்தியில, மில்லுக்குள்ள நிண்டு
அவையைத் திட்டினதே நான்தான்.
மிளகாய் கொண்டு வந்தவை
தும்மித் தும்மித் தலையாட்டினவை.
(என்ர மில்லில எல்லாக் கட்சிக்கும்
ஒரே தும்மல்.)
மீளக் குடியேறின நாள் தொட்டு
சபை அவையின்ர கையில.
யோகபுரத்துக்குப் போற மதகு
அண்டைக்கும் உடைஞ்சபடி, இண்டைக்கும் உடைஞ்சபடி.
ஒருக்கா வந்து அளவெடுத்தினம்,
சிவப்புப் பெயின்டால ஒரு கோடு போட்டினம்.
கோடும் மங்கிப்போச்சு.
ஒரு கார்த்திகை மழைக்க
சுகந்தினியைப் பிரசவத்துக்கு ஏற்றின ஓட்டோ
அதில இறங்கி நிண்டிட்டுது.
பிள்ளை ஓட்டோவுக்குள்ளயே பிறந்தது.
அவனுக்கு இப்ப நாலு வயது.
ஊரில அவனை 'மதகு' எண்டுதான் கூப்பிடுகினம்.
கூப்பிட்டால் சிரிச்சபடி ஓடி வாறான்.

எல்லாம் தெரிஞ்சுதான் போனன்.
மறைப்புக்குள்ள பென்சிலை எடுக்க
கைக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்துட்டுது.

இரண்டாயிரத்துப் பத்து, ஆவணி.
தறப்பாளுக்குக் கீழ நாங்கள் நாலு பேர்.
என்ர மனுசனைத் தேடி
முகாம் முகாமாய் நான் திரிஞ்ச காலம்.
வாசலில ஆமிக்காரன் சிங்களத்தில கேட்க
நான் விளங்காமல் நிற்க,
கட்சிக்காரர் குலவீரசிங்கம்
மோட்டச்சைக்கிளை மரத்தோட சாத்திப்போட்டு வந்து
எனக்காகக் கதைச்சார்.
மூண்டு மணித்தியாலம், வெயிலுக்க.
அந்த நேரம் அந்தப் படலையில நிற்கிறதே
லேசுப்பட்ட காரியமில்லை.
மனுசன் கிடைக்கேல்லை.
ஆனால் அவரின்ர பெயரை
தகப்பன்ர பெயரோட, முழுசாய்,
ஒரு அதிகாரிக்கு முன்னால
உரத்துச் சொன்ன முதல் ஆள் குலவீரசிங்கம்.

இப்ப அவருக்குக் கண்ணாடி ஏற்றின வாகனம்.
மேடையில ஏறி
'காணாமல் ஆக்கப்பட்டோர்' எண்டுறார்.
என்ர மனுசன் அவர் வாயில
பன்மையாகிப் போனார்.

ஒரு நன்றிக்கு எத்தனை புள்ளடி?
சபைக்கு, மாகாணத்துக்கு, பாராளுமன்றத்துக்கு எண்டு
ஏழெட்டுப் போட்டிட்டன்.
கடைக் கொப்பியெண்டால்
எப்பவோ வெட்டிவிட்டிருப்பன்.

எதிர்த்துக் கேட்ட யதுசன் நல்ல பெடியன்.
மதகை நாலு பக்கத்தாலயும் போனில படம் பிடிச்சு
மில்லுக்கே கொண்டுவந்து காட்டினவன்.
தூளை உள்ளங்கையில வைச்சு மணந்துபோட்டு
'காரம் காணாது அன்ரி' எண்டான்.
அதுவும் சரிதான்.
அவன் சொன்ன எல்லாம் சரி.
ஆனால் அந்த வெயிலுக்க நான் நிண்ட நாள்
அவனுக்கு ஏழு வயது.
இது அவன்ர பிழையே? இல்லை.
பென்சில் அவன்ர சின்னத்துக்குப் பக்கத்தில
கொஞ்ச நேரம் நிண்டது.
பிறகு மேல ஏறி, பழகின பெட்டிக்குள்ள போட்டுது.

விடிய அவன் வந்தான், கண் சிவந்து.
'நீங்கள் எனக்குத்தானே அன்ரி?'
நான் சுவிச்சைப் போட்டன்.
மில் சத்தத்துக்க
ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும்
வாய் மட்டும்தான் அசையும்.
காசு வாங்கேல்லை.
அரைக் கிலோ கூடப் போட்டுக் கட்டிக் குடுத்தன்.
அது இன்னும் கேவலமாய் இருந்தது.

மத்தியானம் யோகபுரத்துக்குத் தூள் குடுக்க வேணும்.
மதகடியில இறங்கி
செருப்பைக் கையில எடுத்துக்கொண்டு
சைக்கிளைத் தள்ளினன்.
இரவு தூறின மழைச் சேத்தில
கொக்கு நடந்த தடம்.
இந்தக் கரையில இருந்து அந்தக் கரைமட்டும்
புள்ளடி, புள்ளடி, புள்ளடி.
அது ஆருக்குப் போட்டுதோ.

அக்கரையில ஏறேக்க
சபைக்கு எழுதப்போற கடிதத்துக்கு
முதல் வரி வந்துட்டுது:
'நாற்பத்தொண்டில ஒண்டு எழுதிக்கொள்வது.'