நானூறு மீட்டர்

பலகையில் எழுதியிருக்கிறது:
கோபுரத்துக்கு மூன்றரை கிலோமீட்டர்,
நடை ஒன்றேகால் மணி நேரம்.
இதை எழுதியவருக்குப் பிள்ளைகள் கிடையாது
என்கிறாள் மாரே.
காரில் ஏறியதிலிருந்து அவள் பேசிய முதல் வாக்கியம்.
அதையும் அஹ்தோவைப் பார்த்துச் சொல்லவில்லை,
பலகையைப் பார்த்துச் சொன்னாள்.

பத்தொன்பதாவது அடியில் ஒரு குட்டை.
உகுவுக்கு மூன்று வயது.
குட்டையைச் சுற்றிக்கொண்டும் போகலாம் என்பது
அவனுக்கு இன்னும் எட்டாத சேதி.
குதித்தான்.
திரும்பி வந்து குதித்தான்.
கலங்கிய வானம் தண்ணீருக்குள்
ஒன்றுகூடி முடிப்பதற்குள்
மறுபடி குதித்தான்.

ஹெலே எறும்புப் புற்றருகே நின்றுவிட்டாள்.
அவள் மார்புயரம் புற்று,
ஒவ்வொரு ஊசியிலையாகச் சுமந்து கட்டியது.
இதற்குக் கதவு எங்கே?
உள்ளே போகும்முன் காலணியை எங்கே கழற்றுவார்கள்?
அஹ்தோ குந்தி உட்கார்ந்து யோசித்தான்.
ஆளுக்கு ஆறு கழற்ற வேண்டும், அதனால்தான்
வாசலில் இத்தனை கூட்டம் என்றான்.
சரிதான் என்பதுபோல் அவள் தலையாட்டினாள்.
அவன் கைக்கடிகாரம் அதிர்ந்து கேட்டது:
நடை முடிந்துவிட்டதா?
கழற்றிப் பைக்குள் போட்டான்.

காளான் கூடைகளோடு இரண்டு பேர்
வணக்கம் சொல்லிக் கடந்து போனார்கள்.
பத்தரை மணிக்கே பசி வந்தது.
மதியத்துக்குக் கட்டிய கறுப்பு ரொட்டியும் அவித்த முட்டையும்
முந்நூறாவது மீட்டரில் தீர்ந்தன.

அதற்கப்பால் மரங்கள் குட்டையாகி,
மண் பஞ்சாகி, சதுப்பு.
நடக்க இரண்டு பலகை அகலம்.
அந்த இரண்டில் எதிலும் படாமல்
மூன்றாவதாக ஒன்றில் கால் வைத்தான் உகு.
கால் வந்துவிட்டது, ஈரக் காலுறையோடு.
காலணி வரவில்லை.

மாரே பலகைமேல் குப்புறப் படுத்தாள்.
தோள்வரை கையை விட்டுத் துழாவினாள்.
அஹ்தோ அவள் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டான்.
"விடாதே."
"விடல."
அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள்
எத்தனை வருஷத்துப் பாசியோ, எதன் வேரோ,
விரல்களுக்கு ஏதேதோ தட்டுப்பட்டது.
கடைசியில் சின்னதாய் ஒரு ரப்பர் விளிம்பு.
இழுத்தாள்.
சதுப்பு ஒரு சத்தத்தோடு அதை விட்டது.

காடு குசு விட்டது! என்றாள் ஹெலே.

முதலில் சிரித்தது அஹ்தோ.
மாரே படுத்தபடியே சிரித்தாள்,
பலகை குலுங்கியது.
ஒற்றைக் காலில் நின்ற உகு
எதற்கென்று தெரியாமலே எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான்.

சமாதானம் என்று அதைச் சொல்ல முடியாது.
வீட்டுக் கடன் அப்படியேதான் இருந்தது.
அவன் அம்மாவிடம் அவன் சொன்னதும்
சொன்னது சொன்னதுதான்.
தேநீர் ஊற்றும்போது
அவன் கோப்பையையும் எடுத்து வைத்தாள்.
அவ்வளவே.

திரும்பும்போது உகு அப்பாவின் தோளில் தூங்கிப்போனான்,
பதினான்கு கிலோ, தூக்கத்தில் பதினெட்டு.
எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில்,
கண்ணுக்கு நேர் உயரத்தில், ஒரு ஃபிர் கிளையின் நுனியில்,
அவனுடைய சிவப்புக் கையுறை மாட்டியிருந்தது.
அது விழுந்ததை நால்வரில் ஒருவரும் பார்க்கவில்லை.
யாரோ குனிந்து எடுத்து,
மண்ணைத் தட்டி,
காடே கையசைப்பதுபோல் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கோபுரம் எங்கே? என்றாள் ஹெலே, கார்க் கதவருகே.
அங்கேயேதான் இருக்கும்.
நம்ம வரலன்னு அதுக்குத் தெரியுமா?
இதற்கு அஹ்தோவிடம் பதில் இல்லை.

இரவு, சட்டைப் பைகளைக் காலி செய்தாள் மாரே.
ஏழு கல், அரை நத்தை ஓடு, முட்டைத் தோல்,
ஈரத்தில் இறுக மூடிய பைன் காய்கள் ஐந்து.
எறியப் போனவள்
வெப்பமூட்டியின் மேல் வரிசையாக வைத்தாள்.

இரண்டு மணி இருக்கும். டக் என்று ஒரு சத்தம்.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.
என்ன அது? என்றான் இருட்டில் அஹ்தோ,
அவனும் தூங்கவில்லை.
காய் திறக்குது, என்றாள்.
மூன்றாவதற்காக
இருவரும் பேசாமல் படுத்திருந்தார்கள்.